ரத்னம்மா கடையின் கருங்கல்

பெங்களூருக்கு நான் போனது பல்லுக்காக. மேல்வரிசையில் மிச்சமிருந்த நான்கு பற்களையும் வேலூரிலேயே பிடுங்கியாயிற்று. கட்டுப்பல்லைப் பெங்களூரில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் வைத்துக்கொள்வது என்று நானே தீர்மானித்தேன். அங்கே மாணவர்கள் செய்வார்கள், பேராசிரியர் மேற்பார்வை பார்ப்பார், ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அட்டையில் கையெழுத்துப் போடுவார். மேற்பார்வையும் கையெழுத்தும் உள்ள இடத்தில்தான் எனக்கு வாயைத் திறக்கத் தைரியம் வரும். ஆறு முறை போக வேண்டும், மூன்று வாரம் ஆகும் என்றார்கள். மிக்ஸியின் எந்தப் பொத்தான் எதற்கு என்று கணவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, ஜனவரிக் குளிரில் கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில் இறங்கினேன்.

வேலூரிலிருந்து சில மணி நேரம்தான். இதற்கெல்லாம் பயணக் கட்டுரையா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: கடைப்பலகையைப் படிக்கத் தெரியாத ஊர் எதுவானாலும் அது எனக்கு வெளிநாடுதான்.

என் உத்தியோகத்தையும் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டுத் தொழிலாளர் துறையில் முப்பத்தொரு வருடம் முத்திரை ஆய்வாளராக இருந்து, நான்கு வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றவள். கடைத்தராசு, எடைக்கல், படி, லிட்டர், ஆட்டோ மீட்டர் ஆகியவற்றைச் சோதித்து முத்திரை குத்துவது என் வேலை. முத்திரை இல்லாததைப் பறிமுதல் செய்வதும்தான். அந்த வேலையில் மாவட்டத்திலேயே ஒரே பெண் நான். சந்தைக்குள் நான் நுழைந்தால் தராசுகள் தாமாகவே நேராகும் என்று சொல்வார்கள். புகழ்ச்சிக்காகச் சொன்னார்கள் என்று நான் நினைத்ததில்லை. ஆனால் மறுத்ததும் இல்லை.

ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர் நான் கேட்காமலே மீட்டரைப் போட்டார். எங்கள் ஊர் ஆட்டோக்களில் மீட்டருக்கு வருடா வருடம் முத்திரை குத்தியவள் நான். அது ஓடி ஒருநாளும் பார்த்ததில்லை. குனிந்து ஈயமுத்திரை இருக்கிறதா என்று பார்த்தேன்.

“இன்னா மேடம், மீட்டர் மேல டவுட்டா?” என்றார் அவர், நல்ல தமிழில்.

“இல்லப்பா. பார்த்து ரொம்ப நாள் ஆச்சு” என்றேன்.

நான் தங்கிய வீடு ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவின் பின்கட்டு. வாசல்களில் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களை இன்னும் அவிழ்த்திருக்கவில்லை. என் பழைய சக ஊழியர் ஒருவரின் உறவினர்களான ஸ்டெல்லாவும் லாரன்ஸும் அங்கே குடியிருந்தார்கள். இரண்டு அறை, அந்த இரண்டையும் சேர்த்தாலும் ஈடாகாத பெரிய சமையலறை. லாரன்ஸ் கோலார் தங்கவயலில் பிறந்தவர். அவருடைய தாத்தா குடியாத்தத்திலிருந்து போனவராம். அதனால் பேச்சில் பாதி எங்கள் ஊர். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டை ஏற்றி இறக்கும் இயந்திரத்தை இருபத்தாறு வருடம் ஓட்டியவர். “ஒரு நாள் கூட கூண்டு ஒரு இன்ச் தப்பி நின்னதில்ல மேடம்” என்று அறிமுகமான ஐந்தாவது நிமிடத்தில் சொன்னார். அப்படிப்பட்டவர்களை எனக்கு உடனே பிடித்துவிடும். சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு ஓயாத வருடங்கள் அவை. விருப்ப ஓய்வு என்று பெயர். யாருடைய விருப்பம் என்று ஆணையில் எழுதியிருக்காது. வாங்கிக்கொண்டு பெங்களூருக்கு வந்துவிட்டார்கள். ஸ்டெல்லா வீட்டிலேயே சமைத்துப் பத்துப் பதினைந்து பேருக்கு மதியச் சாப்பாடு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் இரவுச் சாப்பாடு ராகி முத்தெ, கீரைச்சாறு. முத்தெ என்பது நம் களிதான், பந்து போல உருட்டி வைக்கிறார்கள். பல்லில்லாத நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மெல்லாதீங்க மேடம். கிள்ளி, சாறுல பொரட்டி, அப்டியே முழுங்கிடணும்” என்றாள் ஸ்டெல்லா. “மென்னா வாயெல்லாம் ஒட்டிக்கும். இங்க எல்லாருமே முழுங்கறவங்கதான்.”

பல்லுள்ளவரும் இல்லாதவரும் சமமாக உட்கார்ந்து சாப்பிடும் ஒரு பண்டத்தைக் கர்நாடகம் கண்டுபிடித்திருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டு உருண்டை விழுங்கினேன்.

சுவரில் நாட்காட்டியில் வரப்போகும் சனிக்கிழமையைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டிருந்தது. என்னவென்று கேட்டேன். ஆய்வாளர் புத்தி, கேட்காமல் இருக்காது.

“அன்னிக்கு ஏஜெண்டுக்குப் பதில் சொல்லணும்” என்றார் லாரன்ஸ். குவைத்தில் வாட்ச்மேன் வேலை. வயது ஏறிக்கொண்டிருக்கிறது, இதை விட்டால் அடுத்தது கிடையாது என்று ஏஜெண்டு சொல்லிவிட்டாராம். பாஸ்போர்ட் அவரிடம் இருக்கிறது.

“அதுக்கு முந்தின நாளப் பாருங்க மேடம்” என்றாள் ஸ்டெல்லா. வெள்ளிக்கிழமையில் சின்னதாக ஒரு சிலுவை. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி, நாற்பது பேருக்கு ஒருநாள் சமைத்துக் காட்டச் சொல்லியிருக்கிறது. பிடித்திருந்தால் தினமும். “அது கெடச்சா இவரு போக வேணாம். கெடக்கலன்னா போவாரு. அவ்ளோதான்.”

லாரன்ஸ் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நாப்பத்தெட்டு வயசுல கேட்டத் தொறந்து மூடறதுக்கு இன்னொருத்தன் நாட்டுக்குப் போவணும்னு ஒண்ணும் ஆசையில்ல எனக்கு.”

திங்கட்கிழமை கல்லூரியில் என் வாய்க்குள் பச்சை நிறத்தில் ஏதோ ஒரு மாவைத் திணித்து அச்சு எடுத்தார்கள். மாணவி பயந்துகொண்டே செய்தாள். கையெழுத்து வாங்க மறக்கவில்லை, அதனால் மன்னித்தேன். திரும்பும்போது பஸ்ஸில் தவறு நடந்தது. பஸ்ஸின் நெற்றியில் எண்ணைக் கன்னடத்தில் எழுதியிருந்தார்கள். எண்களோடு முப்பத்தொரு வருடம் குடித்தனம் நடத்திய எனக்கு, ஒரு எண்கூடப் படிக்கத் தெரியவில்லை. உருவத்தை வைத்து ஊகித்து ஏறினேன். வயல்கள் வர ஆரம்பித்ததும் கண்டக்டரிடம் கேட்டேன். அவர் கன்னடத்தில் சொன்னதைப் பக்கத்திலிருந்த அம்மாள் மொழிபெயர்த்தார்: “இந்த பஸ் ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு இந்த ஜென்மத்துல போகாதாம்.” கண்டக்டர் இன்னும் நீளமாகப் பேசியிருந்தார், அம்மாள் மிச்சத்தை மொழிபெயர்க்கவில்லை. நல்ல மனசு.

செவ்வாய்க்கிழமை காலையில் ஸ்டெல்லா என்னைச் சந்தைக்கு அழைத்துப் போனாள். சிவாஜி நகர் பக்கம், பெரிய மார்க்கெட்டுக்கு வெளியே ஒரு சந்து. இருபுறமும் தரைக்கடைகள், மேலே நீலத் தார்ப்பாய். ஸ்டெல்லா கொத்தமல்லி விற்கும் பாஷா பாயிடம் உருதுவில் சண்டை போட்டாள். இரண்டடி நடந்து கன்னடத்தில் குசலம் விசாரித்தாள். திரும்பி என்னிடம் தமிழில், “இங்க மிதிக்காதீங்க, முள்ளங்கி” என்றாள். ஐந்து நிமிடத்தில் மூன்று மொழி, மூன்றிலும் மூச்சு வாங்கவில்லை. எட்டாவதோடு நின்றவள். எங்கள் அலுவலகத்தில் இரண்டு பட்டம் வாங்கியவர்கள், ஒரே மொழியில் ஒரு குறிப்பெழுத அரைநாள் எடுத்துக்கொள்வார்கள்.

வெங்காயம், உருளைக்கிழங்கு, இஞ்சி வாங்குவதெல்லாம் ரத்னம்மா கடையில். ஆனேக்கல் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், சாக்கின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு முன்னால் ஒருவருக்கு இரும்பு எடைக்கல்லை வைத்து நிறுத்தார். முத்திரையும் இருந்தது, பார்த்தேன். ஸ்டெல்லாவின் முறை வந்ததும் இரும்பை ஒதுக்கிவிட்டு, உட்கார்ந்திருந்த சாக்குக்குக் கீழே கையை விட்டு ஒரு கருங்கல்லை எடுத்துத் தட்டில் வைத்தார். உருண்டையாக, எண்ணெய் ஏறி மினுமினுப்பாக.

என் முதுகுத்தண்டு நிமிர்ந்தது. ஒரு வாடிக்கைக்கு ஒரு கல், இன்னொரு வாடிக்கைக்கு வேறு கல். இதைவிடத் தெளிவான வழக்கு கிடையாது. ஆனால் விருந்தாளி, வேறு மாநிலம், வாயில் பல்லும் இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டேன்; கீழ்வரிசையால் மட்டும் முடிந்த அளவுக்கு.

புதன்கிழமை நல்லபடியாகப் போனது. நின்றுகொண்டே சாப்பிடும் ஓட்டல் ஒன்றில் பூப்போல இட்லி. ஒரே காபியை இரண்டாகப் பிரித்துத் தரும் ‘பை டூ’ முறை. அளவு சரியாக இருக்குமா என்று இரண்டு டம்ளரையும் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்தேன். சரியாக இருந்தது. ஊர் முழுக்க அவரைக்காய் வாசனை. மத்தியானம் மூவரும் உட்கார்ந்து ஊறவைத்த அவரைப் பருப்பைப் பிதுக்கித் தோல் நீக்கினோம். லாரன்ஸ் ஒவ்வொன்றையும் இயந்திரம் போல ஒரே விசையில் பிதுக்கினார்.

வியாழக்கிழமைதான் நான் என் வேலையைக் காட்டினேன்.

மறுநாள் சமையலுக்காகப் பன்னிரண்டு கிலோ வெங்காயம், பத்துக் கிலோ உருளை. ரத்னம்மா சாக்கைச் சாய்த்துக் கொட்டினார்; மண்ணும் சருகுமாக விழுந்தது. சாக்குக்குக் கீழிருந்து கருங்கல் வந்தது. பன்னிரண்டு முறை அந்தக் கல் ஏறி இறங்கப் போகிறது என்று நினைத்ததும் என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது.

“அந்தக் கல்ல இப்டிக் குடுங்க. முத்திரை எங்க? எந்தத் தேதில சரிபார்த்தீங்க? சர்ட்டிபிகேட் எங்க தொங்குது?”

மேல்வரிசை இல்லாததால் வார்த்தைகள் கொஞ்சம் காற்றோடு வந்தன. ஆனால் குரல் அதே குரல். நான்கு வருடம் பீரோவில் வைத்த புடவை போல மடிப்புக் கலையாமல் இருந்தது.

“ஐயோ மேடம்...” என்றாள் ஸ்டெல்லா.

அதற்குள் பாஷா பாய் எழுந்து நின்றுவிட்டார். “இன்ஸ்பெக்டர் பந்த்ரு!” என்று சந்தின் மறுமுனை வரைக்கும் கேட்கும்படி ஒரு கத்தல். இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார் என்பது எந்த மொழியிலும் எனக்குப் புரியும். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. கற்கள் சாக்குக்குள் போயின, தராசுகள் மடிந்தன, தார்ப்பாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. ரத்னம்மா கருங்கல்லை வெங்காயத்துக்குள் போட்டு, சாக்கின் வாயைக் கட்டி, அதன் மேலேயே ஏறி உட்கார்ந்தார்.

“வியாபாரம் இல்லம்மா, போங்க” என்றார். என்னைப் பார்த்து அல்ல, ஸ்டெல்லாவைப் பார்த்து.

எத்தனையோ சந்தைகளை இப்படி மூட வைத்திருக்கிறேன். அப்போதெல்லாம் காலிப் பையோடு நிற்பவர் முகத்தைப் பார்க்க நேரம் இருந்ததில்லை. ஜீப்பில் ஏறிப் போய்விடுவோம்.

ஸ்டெல்லா கத்தவில்லை. அது இன்னும் மோசம். பாதி வழி வந்தபிறகுதான் பேசினாள்.

“அந்தக் கல்லு ஒரு கிலோ இல்ல மேடம்.”

“அதான் நானும் சொல்றேன்.”

“ஒண்ணே நூறு. நூறு கிராம் ஜாஸ்தி.”

நான் நடப்பதை நிறுத்தினேன்.

“ஒரு கிலோ வாங்கறவங்க உக்காந்து ஒண்ணொண்ணாப் பாத்துப் பொறுக்குவாங்க. அவங்களுக்கு இரும்புக்கல்லு. நாங்க சமைக்கறவங்க, மூட்டையா வாங்கறோம். பொறுக்க மாட்டோம். மண்ணு, அழுகல், சருகு, எல்லாத்தோட அப்டியே எடுத்துக்குவோம். அந்தக் கழிவுக்குத்தான் கருங்கல்லு. கணக்கும் வேணாம், சண்டையும் வேணாம். அந்தச் சந்துல எல்லார்கிட்டயும் அப்டி ஒரு கல்லு கீது.”

விதிப்படி, எடை கூடுதலாக இருந்தாலும் குற்றம்தான். அது எனக்கு மனப்பாடம். ஆனால் வேறொன்று நினைவுக்கு வந்தது. எங்கள் மாவட்டச் சந்தைகளிலும் கருங்கற்கள் இருந்தன. நூற்றுக்கணக்கில் பறிமுதல் செய்திருக்கிறேன். கருங்கல் என்றாலே குற்றம், நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று விதியில்லை. அதனால் ஒன்றைக்கூட நான் நிறுத்துப் பார்த்ததில்லை.

வீட்டில் லாரன்ஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஃப்ரேசர் டவுன்ல வாங்கிக்கலாம்” என்றார்.

“நாளைக்கு ஒரு நாளுக்கு வாங்கலாம். மாசம் பூரா அந்த வெலைக்கு வாங்கி எவன் சமைக்கறது?” என்றாள் ஸ்டெல்லா. “அந்தச் சந்து நமக்கு இல்லன்னா இந்த ஆர்டர் கெடச்சும் வேஸ்ட்டு.” அப்புறம் என்னைப் பார்த்து, “நீங்க காபி குடிங்க மேடம்” என்றாள்.

தவறாக வழக்குப் போட்ட ஆய்வாளர் சந்தைக்குத் திரும்பிப் போய் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எங்கள் கையேட்டில் நடைமுறை கிடையாது. மூன்று மணிக்கு நானே கிளம்பினேன். வந்த ஆட்டோ பாதியில் பெட்ரோல் தீர்ந்து நின்றது. ஓட்டுநர் என்னை இறக்கி, வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து, குழந்தைக்கு மருந்து புகட்டுவது போல உலுக்கி, மறுபடி ஓட்டினார். மீட்டர் அப்போதும் நேர்மையாக ஓடியது.

சந்து திறந்திருந்தது. என்னைக் கண்டதும் பேச்சு நின்றது.

“ரத்னம்மா, நான் இன்ஸ்பெக்டர் இல்ல. ரிட்டயர் ஆயிட்டேன்” என்றேன்.

“நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க. உங்க வாய் இன்னும் ரிட்டயர் ஆகலையே” என்றார் ரத்னம்மா, கன்னட வாடையடிக்கும் தமிழில்.

பாஷா பாய் குறுக்கிட்டார். “அரே அம்மா, எங்களுக்கு அரை நாள் பொழப்புப் போச்சு. ஸ்டெல்லாவுக்கு இனிமே இங்க சரக்குக் கெடையாது. எல்லாரும் பேசியாச்சு. நீங்க ரிட்டயர்னு நாங்க எப்டி நம்பறது? இன்னிக்கு ரிட்டயர்னு சொல்வீங்க, நாளைக்கு ஜீப் வரும்.”

நியாயமான கேள்வி. ஓய்வூதிய ஆணை நகல் கைப்பையில் எப்போதும் இருக்கும், எடுத்துக் காட்டினேன். ஆங்கிலமும் தமிழும், நடுவில் கோபுர முத்திரை. அதைப் பார்த்ததும் அவர்களுக்குச் சந்தேகம் இன்னும் உறுதியானது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கையெழுத்து எனக்கு உதவவில்லை.

ரத்னம்மாவின் முன்னால் பிரித்த மூட்டை கிடந்தது. பொறுக்குகிறவர்கள் பொறுக்கி எடுத்ததுபோக மிச்சம், அழுகலும் நல்லதும் கலந்து. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சாக்கில் உட்கார்ந்தேன். அழுகலை ஒரு பக்கம், நல்லதை ஒரு பக்கம் ஒதுக்க ஆரம்பித்தேன்.

“ஏனம்மா இது?” என்றார் ரத்னம்மா.

“காலைல உங்க வேலையக் கெடுத்தேன். இப்ப கொஞ்சம் செஞ்சு குடுக்கறேன். உங்க வெங்காயம், உங்க கல்லு. நான் எதையும் கேக்கல.”

கால் மணி நேரம் கழித்து எதிர்க்கடையிலிருந்து ஒரு குரல் கன்னடத்தில் ஏதோ சொன்னது. சந்து முழுக்கச் சிரித்தது. பாஷா பாய் மொழிபெயர்த்தார்: “எந்த ஊர்லயாவது இன்ஸ்பெக்டர் அழுகின வெங்காயம் பொறுக்குவாரான்னு கேக்கறாங்க.”

“எங்க ஊர்லயும் மாட்டாங்க” என்றேன்.

குவியல் பிரித்து முடித்ததும் பழக்கதோஷத்தில் இரண்டு கையாலும் அள்ளி, “இது ஒண்ணே முக்கால்” என்றேன். ரத்னம்மா புருவத்தை உயர்த்தி, தராசில் போட்டார். ஒன்றேமுக்கால் கிலோவுக்குக் கல் வைத்ததும் முள் நடுவில் நின்றது.

அதற்கப்புறம் என்னை விடவில்லை. பாஷா பாய் ஒரு பூண்டுக் கட்டைக் கையில் கொடுத்தார். “எழுநூறு.” சரி. யாரோ ஒரு பூசணித் துண்டு. “ரெண்டே கால்.” சரி. இஞ்சியில் தப்பினேன், ஈரமண்ணை மறந்துவிட்டேன். அதற்கு ஒரே கூச்சல், சீட்டியடி. ஆனால் அடுத்த நான்கும் சரி. கூட்டம் கூடிவிட்டது. தராசும் கல்லும் இல்லாமல் முப்பத்தொரு வருட வேலை என் உள்ளங்கையில் உட்கார்ந்திருந்தது எனக்கே அன்றுதான் தெரியும். பிரிவுபசார விழாவில் எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். யாரும் இப்படிக் கைதட்டவில்லை.

கடைசியில் ரத்னம்மாவே சாக்குக்குக் கீழிருந்து கருங்கல்லை எடுத்து என் கையில் வைத்தார். சவால்தான். கொஞ்ச நேரம் ஏந்திப் பார்த்தேன். ஒரு ஓரத்தில் சில்லு தெறித்திருந்தது, விரலில் பட்டது.

“இது ஒண்ணே நூறு இல்லம்மா” என்றேன். “ஒண்ணே அறுபதுக்கு மேல போகாது.”

சிரிப்பு நின்றது. ரத்னம்மாவின் முகம் கறுத்தது. “எங்க அண்ணன் ஆத்துலேர்ந்து பாத்து எடுத்துக் குடுத்த கல்லு” என்று முணுமுணுத்துக்கொண்டே இரும்புக் கிலோவை எதிர்த்தட்டில் வைத்தார். கல் இறங்கியது. ஐம்பது கிராமையும் போட்டார். இன்னும் கல் பக்கம்தான். பத்துக் கிராமைச் சேர்த்ததும் முள் நடுவில் நின்றது.

“எப்ப உடைஞ்சதோ” என்றார் ரத்னம்மா. “இத்தன நாளா நாப்பது கிராம் கொறச்சுக் குடுத்திருக்கேனா? ஸ்டெல்லாவுக்கா?” அவர் கண் என் கண்ணைத் தேடியது. ஏமாற்றுகிறவர்களின் கண் ஒருநாளும் ஆய்வாளரைத் தேடாது. தராசுக்குப் பின்னால் எங்கேயோ பார்க்கும்.

“அதுக்குத்தான் வருஷத்துக்கு ஒரு தடவை சரிபாக்கணும்னு சொல்றது” என்றேன். “கூடக் குடுக்கறதா இருந்தாலும்.”

பாஷா பாய் தன் சைக்கிள் பெட்டியிலிருந்து ஒரு இரும்பு நட்டைக் கொண்டுவந்தார். கூடவே இன்னும் சின்னதாக ஒன்று. கல்லோடு சேர்த்துத் துணியில் கட்டி நிறுத்தோம். ஒரு கிலோ நூறு, துல்லியம். பிறகு சந்திலிருந்த மற்றவர்களும் தங்கள் தங்கள் கருங்கற்களை வரிசையாகக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்கள். சட்டப்படி நான் அன்று மாலை செய்தது, முத்திரையற்ற ஒன்பது எடைகளைத் தயாரிக்க உடந்தையாக இருந்த குற்றம். தண்டனைப் பிரிவு எதுவென்றும் எனக்குத் தெரியும். வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக ஒரு சரிபார்ப்பு முகாமை நான் நடத்தியதில்லை.

இருட்டுவதற்கு முன் பன்னிரண்டு கிலோ வெங்காயமும் பத்துக் கிலோ உருளையும் பாஷா பாயின் சைக்கிளில் ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு வந்து சேர்ந்தன, பின்னால் நான். ஸ்டெல்லா மூட்டையைப் பார்த்தாள், என் நகக்கண்ணில் இருந்த மண்ணைப் பார்த்தாள்.

“வாங்கக்கா, கை கழுவுங்க” என்றாள். அதுவரை மேடம்.

வெள்ளிக்கிழமை வாடகை ஆம்னி வண்டியில் பாத்திரங்களுக்கு நடுவே நானும் ஒரு பாத்திரமாக உட்கார்ந்துகொண்டேன். லாரன்ஸ் ஓட்டினார், ஸ்டெல்லா முன்னால் உட்கார்ந்து குழம்பு அண்டாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஓசூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவில் ஒரு மணி நேரம். லாரன்ஸ் எந்த இடத்திலும் பிரேக்கை உதறி மிதிக்கவில்லை. ரசத்தில் அலையே அடிக்கவில்லை என்றால் நம்ப வேண்டும்.

கண்ணாடிக் கட்டிடம். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட பிள்ளைகள். நாற்பது பேர் என்றார்கள், வாசனை பிடித்து ஐம்பதுக்கு மேல் வந்துவிட்டார்கள். பாதிப் பேர் ஈரோடு, திருநெல்வேலி, விருதுநகர். வெங்காயக் காரக்குழம்பை ஊற்றியதும் ஒரு பெண் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “காரம் ஜாஸ்தியாம்மா?” என்றாள் ஸ்டெல்லா. “இல்லக்கா, மூணு மாசமா காரமே இல்லாத இந்த ஊர் பீன்ஸ் பல்யா சாப்ட்டு நாக்கே மறந்துபோச்சு” என்று அடுத்த கரண்டிக்குத் தட்டை நீட்டினாள். கன்னடப் பையன்கள் நான்கு பேர் அவரைப் பருப்புக் கூட்டைத் தீர்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்கள். ஸ்டெல்லா அவர்களிடம் கன்னடத்தில் கேலி பேசிக்கொண்டே பரிமாறினாள். கரண்டி ஒரே அளவில் ஏறி இறங்கியது. கடைசி ஆளுக்கும் முதல் ஆளுக்கு விழுந்த அதே அளவு. நான் கண் வைத்துப் பார்த்தேன். அதில் எனக்கு இருந்த கர்வத்துக்கு எனக்கு ஒரு உரிமையும் கிடையாது, இருந்தாலும் இருந்தது.

நிர்வாக அதிகாரி சிரிக்காத மனிதர். சாப்பிட்டு, கை கழுவி, துடைத்து, “திங்கட்கிழமை என்ன செய்வீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஸ்டெல்லாவுக்கு அதுவே சம்மதம் என்று விளங்கிவிட்டது. லாரன்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு விளங்கவில்லை. எனக்கு வாய்மொழி எதுவும் விளங்காது. “எழுத்து மூலமாகக் கொடுங்கள்” என்றேன். அவர் என்னை யார் என்று பார்த்தார். தேதி, கடித எண், எத்தனை பேர், எந்த நாட்கள், யார் கையெழுத்து என்று நானே ஒவ்வொன்றாகச் சொல்ல, அவருடைய உதவியாளர் தட்டச்சு செய்தார். சீல் குத்தும்போது நேராக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பொம்மனஹள்ளி தாண்டி ஒரு எஸ்.டி.டி. பூத் அருகே லாரன்ஸ் வண்டியை நிறுத்தினார். “நாளைக்கு வரைக்கும் எதுக்கு?” என்று இறங்கிப் போனார். கண்ணாடிக் கதவு சரியாக மூடவில்லை, எல்லாம் கேட்டது.

“லாரன்ஸ் பேசறேன் சார்... இல்ல சார், வரல... இல்ல, யோசிக்க ஒண்ணுமில்ல, முடிவு பண்ணிட்டேன். பாஸ்போர்ட்ட எடுத்து வைங்க, வந்து வாங்கிக்கறேன்... ஆமா, இங்கயே வேல கெடச்சிடுச்சு... டிரைவர். அண்டா தூக்கணும், பாத்திரம் கழுவணும்...”

அந்தப் பக்கம் ஏதோ நீளமாகக் கேட்டார்கள் போலிருக்கிறது. லாரன்ஸ் ரிசீவரைக் காதில் வைத்தபடியே திரும்பி, வண்டியின் முன்கண்ணாடிக்குள் பார்த்தார்.

“கம்பெனி பேரா?” என்றார். முதுகு நிமிர்ந்தது. “ஸ்டெல்லா.”

ஸ்டெல்லாவுக்கும் அது கேட்டது. முந்தானையால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு டிரைவர் பக்கம் எட்டி ஹாரனை அடித்தாள்.

“வாங்க, வாங்க! அண்டா காயுது!”